ஹாண்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

அந்த டிராக்டரைப் பழைய இரும்பு என்று சொன்னவர்கள் மொத்தம் ஒன்பது பேர். என் மருமகனையும் சேர்த்தால் பத்து. அவர்களில் ஒருவரும் அதன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவரல்ல. நான் திறந்து பார்த்தவன். ஆகவே அந்த விடயத்தில் என் சொல்தான் செல்ல வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இலங்கையில் நான் நில அளவையாளனாக, ஊரார் வாயில் 'சேவையராக', இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்துக் காணி அளந்த பழக்கம் கை கால்களை விட்டுப் போகவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவேன். மகளின் வீட்டில் எண்ணுவதற்குச் சீக்கிரமே ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. மேல்மாடி அறையில் ஒரு கதிரை, ஒரு ஜன்னல், எதிர்வீட்டுக் கூரை. அந்தக் கூரையில் எத்தனை ஓடுகள் வெடித்திருந்தன என்பது அந்த வீட்டுக்காரனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "அப்பா, நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ" என்று மகள் காலையில் வேலைக்குப் போகும்போது சொல்வாள். மாலையில் வந்து, "ரெஸ்ட் எடுத்தனீங்களோ?" என்று கேட்பாள். வேறு எதற்கும் நான் தேவைப்படவில்லை.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சங்கம் கவுன்சிலிடமிருந்து ஒரு விளையாட்டு மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்தது. ஏதோ ஒரு கால்பந்துக் கழகம் கைவிட்டுப் போன இடம். மூன்றரை ஏக்கர் புல்தரை, ஒரு சிறிய மண்டபம், கார் நிறுத்தத் தார் போட்ட முற்றம், பின்னால் செங்கல் கொட்டில் ஒன்று. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, கோடையில் விளையாட்டுப் போட்டி. கவுன்சில் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மைதானத்தைச் சங்கமே பராமரிக்க வேண்டும். காடாக விட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

கொட்டிலின் மூலையில் தார்ப்பாயின் கீழ் அது நின்றது. தோட்ட வேலைக்கென்று செய்த சின்ன டிராக்டர். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், முன்னே மூன்று கியர், பின்னே ஒன்று. பட்டரியும் இல்லை, ஸ்டாட்டர் மோட்டரும் இல்லை. முன்பக்கம் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். வயிற்றின் கீழ் புல் வெட்டும் தட்டு, அதற்குள் மூன்று அலகுகள், அவற்றைச் சுழற்றுகிற பெல்ட். சங்கச் செயலாளர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டார். அவர் கணக்காளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேட்டுக் கைகூடக் கசங்காத மனிதர்.

"பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு ஏத்தி விடுவம்" என்றார்.

"தம்பி, இது போகாது" என்றேன்.

"ஆர், சேவையர் அண்ணை, இதை ஓட்டப் போறது?"

"நான்தான்."

அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கிழமையில் நான்கு நாள் பஸ் ஏறிப் போனேன். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் வாஷரையும் பால்மா டின்களில் போட்டு, எது எந்த இடத்தில் இருந்தது என்று டின்னின் மேல் பெயின்ரால் எழுதினேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினேன். பிளக்கைச் சுரண்டினேன். கிரீஸ் அடிக்கிற வாய்கள் பதினொன்று, அவற்றில் ஏழு அடைத்துப் போயிருந்தன. கம்பியால் குத்தி ஏழையும் திறந்தேன். தீப்பொறி கொடுக்கும் மாக்னெட்டோ மட்டும் என் கைக்குள் அடங்கவில்லை. அது வயது போன சாமான். எஞ்சின் வேகமாக ஓடும்போது நல்ல பொறி தரும், வேகம் குறைந்தால் சோர்ந்துவிடும். நியூட்ரலில் சும்மா விட்டால் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு நின்றுபோகும். அந்தக் குணத்தை மாற்ற முடியாதென்று கண்டபின், அதற்கேற்றபடி என்னை மாற்றிக்கொண்டேன்.

பிறகு அதற்கு வேண்டிய துணைச் சாமான்களைச் செய்தேன். ஈரத்தில் பின்சில்லுகள் வழுக்கின, ஆகவே ஆறு பெயின்ற் வாளிகளில் சீமெந்துக் கலவை நிரப்பிக் காயவைத்துப் பின்னால் கட்டினேன். உடைந்த கார் ட்ரெயிலரின் இரண்டு சில்லுகளை வைத்து இலை, குப்பை ஏற்ற ஒரு வண்டில் செய்தேன். மேடும் பள்ளமுமாகக் கிடந்த ஓட்டப் பாதையை மட்டப்படுத்த ரெயில் சிலிப்பர் கட்டை ஒன்றைச் சங்கிலியில் கட்டி இழுத்தேன். வயலில் பலகை அடிக்கிறவர்கள் செய்வதுபோல, கட்டை எழும்பாமலிருக்க அதன்மேல் ஓர் ஆள் ஏறி நிற்க வேண்டும். சங்கப் பொருளாளர் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல பாரமான மனிதர். அவரை ஏற்றினேன்.

"அண்ணை, நான் பொருளாளரோ, உங்கடை பாரக் கல்லோ?" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

"ஆடாமல் நில்லும். பாதை வளையுது."

மூன்று கோடைகள் அந்த டிராக்டர்தான் மைதானத்தை வெட்டியது. செயலாளருக்கு மட்டும் அது கண்ணில் விழுந்த தூசி. அது விடுகிற புகை, போடுகிற சத்தம், பெற்றோர் புதுக் கார்களில் வந்திறங்கும்போது அதன்மேல் குந்தியிருக்கும் கிழவன் எல்லாமே அவருக்கு வெட்கம். "நாங்கள் இன்னும் யாழ்ப்பாணத்திலை நிக்கிறமெண்டு நினைக்கப் போறாங்கள்" என்பார். யாழ்ப்பாணத்தில் இப்படியொரு டிராக்டரை நான் கண்டதேயில்லை. அது இந்த நாட்டில் செய்த சாமான். அதைச் சொன்னாலும் அவருக்கு ஏறாது.

நான்காம் ஆண்டு ஆவணியில் புல்வெட்டும் பெல்ட் அறுந்தது. அந்த அளவு பெல்ட் எங்கும் கிடைக்கவில்லை. கடை கடையாக அலைந்து, கடைசியில் எசெக்ஸ் பக்கம் விவசாயச் சாமான் விற்கும் ஒரு கிழவனிடம் சொல்லி வைத்தேன். அது வர ஐந்து கிழமை எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் மழை. புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பெல்ட் வந்தது, அன்று பின்னேரமே பூட்டினேன்.

மறுநாள் தமிழ்ப் பள்ளியின் சரஸ்வதி பூசை. ஊரில் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூசையில் வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்போம். லண்டனில் எல்லோருக்கும் சனிக்கிழமைதான் லீவு என்பதால் பூசையைச் சனிக்கிழமைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். விஜயதசமியை இழுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை, அது பஞ்சாங்கப்படி செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். செவ்வாய் வரை படிக்கத் தேவையில்லையென்று பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து அம்மன் படத்தின் முன் குவித்தார்கள். செயலாளர் தன் கல்குலேட்டரை வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணை, டிராக்டர் ஹாண்டிலையும் தாருங்கோ. அதுவும் ஆயுதம்தானே" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துடைத்துக் கொடுத்தேன். ஐயர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு வெளியே முற்றத்துக்கு வந்து, நின்ற கார்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார். பதினான்கு கார்கள். சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து ஒவ்வொருவராக நசித்துக்கொண்டு முன்னே எடுத்தார்கள்.

அவலும் கடலையும் கொடுத்து முடிந்தபின் செயலாளர் கையைத் தட்டினார்.

"ஒரு சின்ன விசயம். கவுன்சில் அதிகாரி வாற மாசம் வாறதெண்டு இருந்தவர், திங்கக்கிழமை பத்து மணிக்கே வாறார். குத்தகை புதுப்பிக்கிறதோ இல்லையோ எண்டு மைதானத்தைப் பாத்துத்தான் சொல்லுவாராம். பயப்படாதேங்கோ. நான் ஒரு கொன்ட்ராக்டரைப் பிடிச்சிட்டன். திங்கள் விடிய வந்து வெட்டுவான். இனி வருசம் முழுக்க அவன்தான். போகேக்கை அந்த டிராக்டரையும் லொறியிலை ஏத்திக்கொண்டு போவான்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் கையிலிருந்த கடலைக் கோப்பையைப் பக்கத்து வாங்குப் பலகையில் வைத்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு இருப்பது மேல்மாடிக் கதிரையும் எதிர்வீட்டுக் கூரையும்தான் என்பது அந்த நிமிடமே விளங்கியது.

"கொன்ட்ராக்டர் தேவையில்லை. நாளைக்கு நான் வெட்டுறன்" என்றேன்.

"ஈரப் புல்லு அண்ணை. முழங்கால் உயரம்."

"பெல்ட் பூட்டியாச்சு. வெட்டும். நாளைக்கு நான் வெட்டி முடிச்சா டிராக்டர் நிக்கும். ஓமோ, இல்லையோ? எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கினம், சொல்லும்."

செயலாளர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஓம். ஆனா ஹாண்டில் பூசையிலை எல்லே இருக்கு. செவ்வாய் வரைக்கும் எடுக்கப்படாதே?"

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் அம்மன் படத்தின் பக்கம் திரும்பின. ஹாண்டில் புத்தகங்களின் உச்சியில், சந்தனப் பொட்டோடு கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். "தம்பி, உம்மடை காருக்கும் ஐயர் பொட்டு வைச்சவர்தானே? இப்ப பஸ்ஸிலையோ வீட்டை போகப் போறீர்? பதினாலு கார் வெளியிலை நிக்குது. எல்லாத்துக்கும் பூசை நடந்தது. காருக்கு மட்டும் விஜயதசமி உடனை வந்திட்டுதோ? பூசையைச் சனிக்கிழமைக்கு இழுத்த உங்களுக்கு விஜயதசமியை ஒரு முழம் இழுக்கேலாதோ?"

பொருளாளர் குலுங்கிச் சிரித்தார். "சேவையர் அண்ணை அளந்துதான் அடிக்கிறார்."

நான் அம்மன் படத்தை நோக்கி நடந்தேன். என்னை மறித்தது செயலாளர் அல்ல, என் மனைவி.

"இஞ்சாருங்கோ, தொடாதேங்கோ."

"கார் ஓடலாமெண்டா..."

"கார் வெளியிலை நிண்டது. இது அம்மனுக்கு முன்னாலை வைச்சது. அங்கை சின்னவன் நிக்கிறான். நான் ஒன்பது நாளும் விரதம் பிடிக்கிறன். என்ரை கண்ணுக்கு முன்னாலை அதை எடுக்காதேங்கோ."

எங்கள் சின்ன மகன் அப்போது யாழ்ப்பாணத்தில் சண்டைக்கு நடுவில் அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து செய்தி வந்து மாதக் கணக்காகியிருந்தது. செயலாளரோடு நான் விடியும்வரை வாதாடுவேன். அவளுடைய அந்த முகத்தோடு வாதாட என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

"சரி, தொடேல்லை" என்றேன். பிறகு செயலாளரின் பக்கம் திரும்பி, "ஹாண்டில்தான் அம்மனுக்கு முன்னாலை. டிராக்டர் கொட்டிலுக்கை நிக்குது. நாளைக்கு வந்து பாரும்" என்றேன்.

ஹாண்டில் இல்லாமல் அதை எழுப்ப ஒரு வழி இருந்தது: கட்டி இழுப்பது. கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி இழுபட்டுப் போய், வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். சில்லுகள் எஞ்சினைச் சுழற்றும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒருமுறை எழும்பினால் மைதானம் முடியும்வரை எஞ்சின் நிற்கக்கூடாது. நின்றால் சோர்ந்த மாக்னெட்டோவோடு, ஈரத்தில், திரும்ப இழுத்து எழுப்புவது நிச்சயமில்லை. நியூட்ரலில் விட்டு இறங்கவும் முடியாது. மைதானத்தின் அளவு எனக்குத் தெரியும், தட்டு வெட்டும் அகலமும் தெரியும். வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வந்தால் அறுபத்து மூன்று சுற்று. டாங்க் நிறையப் பெற்றோல் அதற்குக் காணும். மட்டுமட்டாகத்தான் காணும்.

ஞாயிறு காலை பொருளாளர் கடைக்குச் சாமான் ஏற்றும் வானைக் கொண்டுவந்தார். அரிசி மூட்டை கட்டுகிற கயிறும் கொண்டுவந்தார். செயலாளரும் வந்தார், முற்றத்தில் காருக்குள் இருந்தபடி பார்த்தார். முதலில் கொட்டிலுக்குப் பக்கத்துப் புல்லில் வைத்து இழுத்தோம். கிளட்சை விட்டதும் பின்சில்லுகள் இறுகி, ஈரத்தில் சறுக்கி, உழுத கோடுபோல இரண்டு கோடு விழுந்தது. எஞ்சின் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

செயலாளர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "அண்ணை, புல்லு வெட்டுறதெண்டு சொல்லி மைதானத்தை உழுறியள்."

"கண்ணாடியை ஏத்தும் தம்பி, குளிரும்."

தார் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே சில்லுக்குப் பிடிமானம் உண்டு. ஆனால் செயலாளரின் கார் நடுவில் நின்றது. எடுக்கச் சொன்னேன். எடுத்தார். சந்தனப் பொட்டு வைத்த கார் சரஸ்வதி பூசைக்கும் விஜயதசமிக்கும் நடுவில் பின்னோக்கி ஓடுவதை நானும் பொருளாளரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வான் இழுத்தது. வேகம் வந்தது. கிளட்சை விட்டேன். டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கி, கறுப்புப் புகையைத் துப்பி, எழும்பியது. பொருளாளர் கயிற்றை அவிழ்க்க ஓடிவந்தார். அவர் ஓடி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

ஓரத்திலிருந்து தொடங்கினேன். முழங்கால் புல் தட்டுக்கு அடியில் போய்ப் பக்கவாட்டில் ஈரக் கட்டிகளாக விழுந்தது. பதினான்காம் சுற்றில் ஒரு பெரிய கட்டி அலகுகளில் சிக்கியது. எஞ்சின் தொண்டை அடைத்தவன்போல முக்கியது. பெல்ட்டைத் தளர்த்தும் நெம்புகோலை இழுத்தேன். அலகுகள் நின்றன, எஞ்சின் இருமியது, பிறகு மூச்சு வந்தது. என் மூச்சு வரக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு முதல் கியரிலேயே போனேன். அவசரப்பட்டவன் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் அவனை ஈரப் புல்லில் கொண்டுவந்து விடுங்கள்.

மத்தியானம் மனைவி வந்தாள். நான் இறங்க மாட்டேன் என்று கண்டதும் ஒரு மூலையில் நின்றுகொண்டாள். சத்தத்தில் ஒருமுறை கடந்து போகும்போது ஒரு வாக்கியம்தான் பேசலாம். எங்கள் சண்டை அப்படியே சுற்றுக்கு ஒரு வாக்கியமாக நடந்தது.

"சாப்பிட வாங்கோ!"

"நிப்பாட்டேலாது!"

அடுத்த சுற்றில்: "நீரிழிவுக்காரன் பட்டினி கிடக்கக் கூடாது!"

"முடிச்சிட்டு வாறன்!"

அடுத்த சுற்றில் அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். கையில் நேற்றைய பூசைக் கடலை. "வாயைத் திறவுங்கோ" என்றாள். திறந்தேன். ஒரு பிடி கடலையைப் போட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிடி.

"ஒண்டுக்குப் போக வேணுமெண்டா என்ன செய்வியள்?"

"அதுக்குத்தான் காலமை தேத்தண்ணி குடிக்கேல்லை!"

அதைக் கேட்டு அவள் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்ததில் கோடு கொஞ்சம் வளைந்தது. அடுத்த சுற்றில் நேராக்கினேன்.

நாற்பதாவது சுற்றில் தூறத் தொடங்கியது. செயலாளர் காருக்குள்ளிருந்து இறங்கி, குடையைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றார். என்னிடம் கொண்டுவந்து தருவாரென்று நினைத்தேன், தரவில்லை. நானும் கேட்கவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நடுவில் ஒரு பாயளவு புல் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் ஓட்டிக்கொண்டு போகும்போது எஞ்சின் பெற்றோல் முடிந்து நின்றது. வெட்டி முடிந்தபின் நின்றதா, நின்றபோது முடிந்ததா என்று பொருளாளர் பிற்காலத்தில் கேலி செய்வார். மைதானத்தில் நிமிர்ந்து நின்ற புல் ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை எட்டரைக்கு கொன்ட்ராக்டரின் லொறி வந்தது. கவுன்சிலுக்கு முன்பே வந்துவிட வேண்டுமென்று நானும் முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். டிராக்டர் நேற்று நின்ற இடத்திலேயே, மைதானத்தின் நடுவில் நின்றது. லொறிக்காரன் வெட்டிய புல்லைப் பார்த்துவிட்டு, தனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டான். செயலாளர் என்னைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், அவனோடு ஆங்கிலத்தில் தணிந்து பேசினார். அவன் லொறியின் பின்கதவை இறக்கிச் சங்கிலியை எடுத்தான்.

"சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை ஓம் எண்டு சொன்னனீர்" என்றேன்.

"சொன்னனான்தான் அண்ணை. ஆனா வந்தவனை வெறுங்கையோடை என்னண்டு அனுப்புறது? வயசு போன நேரம் உங்களுக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

நான் போய் டிராக்டரின் இருக்கையில் ஏறி இருந்தேன். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது, டாங்கில் ஒரு சொட்டுமில்லை. இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எழும்புங்கோ அண்ணை."

"எழும்பேலாது."

"சின்னப்பிள்ளை மாதிரி..."

"ஏத்திறதெண்டா என்னையும் சேர்த்து ஏத்தச் சொல்லும். பாரம் நூற்றிருபது இறாத்தல் கூட வரும். வாளியள் ஆறும் தனி."

லொறிக்காரனுக்கு நாங்கள் பேசுவது விளங்கவில்லை, ஆனால் நான் இறங்கப் போவதில்லை என்பது விளங்கிவிட்டது. அவன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு சிகரெட் ஒன்று பற்றவைத்தான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, அந்த ஒரு நேரத்தை மட்டும் நான் எண்ணவில்லை. கவுன்சில் அதிகாரி படலையைத் திறந்துகொண்டு வந்தது அதற்கிடையில்தான். உயரமான பெண், மழைச் சப்பாத்துப் போட்டிருந்தார். மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். செயலாளர் பக்கத்திலேயே போனார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். பராமரிப்பை யார் செய்கிறார்கள், எதைக்கொண்டு செய்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். வெளியாளைக் கூலிக்கு வைப்பதாக இருந்தால் கவுன்சிலிடம் முதலில் அனுமதி எடுத்திருக்க வேண்டும் என்றும், இனிக் கேட்டால் குத்தகை புதுப்பிப்பது தாமதமாகும் என்றும் அமைதியாகச் சொன்னார். லொறியைப் பார்த்து, இது யாருடையது என்றும் கேட்டார்.

செயலாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்காளர் அல்லவா, கூட்டிக் கழிக்க அவருக்கு அதிக நேரம் எடுக்காது. லொறி வழி தவறி வந்தது என்றார். பிறகு எங்களிடம் சொந்தமாக ஒரு டிராக்டர் இருக்கிறது, நிலையான ஓட்டுநர் இருக்கிறார், எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம் என்றார். சொல்லும்போது அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

அதிகாரி டிராக்டரின் மூடியைத் தட்டிப் பார்த்து, தன் தகப்பனாரிடமும் இப்படியொன்று இருந்ததென்றார். குத்தகைப் பத்திரத்தின் சாமான் பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்டார். செயலாளர் இல்லையென்றார். இனி இருக்க வேண்டும், குத்தகை புதுப்பிக்கும் கடிதம் வரும் என்று சொல்லி எழுதிக்கொண்டார். நான் அப்போதுதான் இறங்கினேன். முழங்கால்கள் விறைத்துப் போயிருந்தன. நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னேன், அவருக்கு மட்டும்.

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. செயலாளர் படலைவரை போய்விட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

"சரி அண்ணை. வெண்டிட்டியள். இனி என்ன வேணும், அதையும் சொல்லுங்கோ."

"எண்ணெய்ப் பீப்பாய் ஒண்டு. நெடுக்காக வெட்டினா பனி தள்ள நல்ல தகடு வரும். மார்கழிக்கு முதல் வேணும்."

அவர் தலையில் கையை வைத்தார். நான் பெற்றோல் டின்னை எடுக்கக் கொட்டில் பக்கம் நடந்தேன்.